தண்ணி நீலச் சீலை மாதிரித் தெரிந்தால்

நீங்கள் வரைந்த நீர்வர்ணப் படத்தில் கிட்டத் தண்ணிக்கும் தூரத் தண்ணிக்கும் ஒரே நீலத்தைப் பூசியிருக்கிறீர்கள். அதனால்தான் உங்கள் இரணைமடுக் குளம், நீங்களே சொன்ன மாதிரி, நீலச் சீலை விரித்ததுபோலக் கிடக்கிறது. காலடித் தண்ணியை மேலிருந்து பார்க்கிறோம். உள்ளே கிடக்கும் மண்நிறம் தெரியும். தூரம் போகப்போகப் பார்வை சரிந்து, வானம்தான் தெறிக்கும். முன்னுக்குக் கபிலமும் கொஞ்சம் பச்சையும், அப்பால் வானநிறம். ஈரம் காயமுதல் இரண்டையும் கலக்க விடுங்கள்.

அந்த மருதமரம்! அதன் பிம்பத்தை வெயில் நிழல் மாதிரிச் சரித்துவிட்டீர்கள். நிழல்தான் சரியும், பிம்பம் மரத்துக்கு நேர் கீழே விழும். கடும்நிற மரம் தண்ணியில் சற்று வெளிறும், வெள்ளைக் கொக்கு சற்று மங்கும். இது விளங்கமுதல் நான் கிழித்த தாள்களுக்குக் கணக்கில்லை.

படத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். எது மரம், எது பிம்பம் என்று உடனே பிரியாவிட்டால், பிம்பத்தின் விளிம்பை ஈரத் தூரிகையால் கரையுங்கள்.

சோளகக் காற்று அடிக்கிற நாளில் இது சரிவராது. அலை எழும்பினால் பிம்பம் உடைந்துபோகும், தூரத் தண்ணி வானத்தைவிடக் கடுமையாகும். அப்போது காய்ந்த தூரிகையைப் படுக்கையாக இழுத்து, தாளின் வெள்ளையை அங்கங்கே விடுங்கள்.