மாலத்தீவு: நெல்லைச் சீமைக் கேள்விகள்

பதினொரு வருஷம் மாலத்தீவில் மூன்று தீவுகளில் வணிகவியல் வாத்தியாராக இருந்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பியவன் நான். அதனால் அந்த நாட்டைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என் பக்கம் தள்ளிவிடுகிறார்கள். இந்த முறை வந்தவற்றில் சில.

அண்ணாச்சி, என் மகளுக்கு மாலத்தீவில் டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளத்தை ரூஃபியாவில் சொல்கிறார்கள். நம்ம ரூபாய்க்கு மாற்றிப் பார்த்தால் நல்ல தொகைதான். அனுப்பலாமா? (வள்ளியூர்)

அனுப்பலாம், அம்மா. நீங்கள் போட்ட கணக்கை மட்டும் கொஞ்சம் திருத்த வேண்டும். ஒரு டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அரசாங்க விலை. 2011இல் இதற்கு மேல் போகக் கூடாது என்று வைத்த உச்சவரம்பு அது. வைத்த கொஞ்ச நாளில் ஏறிப் போய் அங்கே ஒட்டிக்கொண்டது, இன்னும் இறங்கவில்லை. அந்த விலைக்கு டாலர் கிடைத்தால் உங்கள் கணக்கு சரி. கிடைப்பதுதான் பாடு. வங்கி மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும். மீதியை வெளியே வாங்கப் போனால் கூடுதல் விலை. ஆகவே சம்பளத்தை அப்படியே ஊர்ப் பணமாக நினைக்காதீர்கள்.

ஏன் இந்தத் தட்டுப்பாடு என்றால், அந்த நாட்டுக்கு டாலர் வரும் வாசல் இரண்டுதான்: சுற்றுலா, அப்புறம் மீன். போகும் வாசலோ நூறு. அரிசி, எண்ணெய், சிமென்ட், டீசல், மாத்திரை என எல்லாமே வெளியிலிருந்து வர வேண்டும். 2024இல் 20 லட்சம் பயணிகளுக்கு மேல் வந்தார்கள். அப்படியும் அதே வருஷம் அரசாங்கத்தின் கையிருப்பு வற்றி, கடன் தவணை கட்ட முடியுமா என்று உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் விடுதிக்குக் கொடுக்கிற டாலரில் பெரும்பகுதி உள்ளூர் வங்கிக்கு வருவதே இல்லை. அதனால்தான் விடுதிக்காரர்கள் ஒரு பங்கை உள்ளூரில் மாற்றியே தீர வேண்டும் என்று 2024 கடைசியில் விதி போட்டார்கள்.

என் கதையையும் சொல்கிறேன். போன முதல் வருஷம் அப்பாவின் கண் அறுவைக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்தது. கணக்கில் நாலு மாதச் சம்பளம் கிடக்கிறது, டாலர் இல்லை. எங்கள் தீவிலிருந்து லாஞ்சு ஏறித் தலைநகர் மாலே போய், வங்கி வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றேன். என் முறை வந்தபோது கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், "இன்றைக்கு முடிந்தது, சார்" என்றாள். கூட நின்ற நாகர்கோவில்காரர் உண்டியலில், அதாவது வங்கிக்குப் போகாமல் ஆள் மூலம் கைமாற்றாக, அனுப்பலாம் என்றார். எனக்குப் பயம், அனுப்பவில்லை. உங்கள் மகளிடமும் சொல்லி வையுங்கள்: உண்டியலில் பணம் தொலைந்தால் யாரிடமும் போய்ச் சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தில் மூன்றைப் பாருங்கள். தங்க இடம் அவர்கள் தருகிறார்களா? மாலே நகரத்தில் வேலை என்றால் வாடகையே சம்பளத்தைத் தின்றுவிடும். விடுமுறைக்கு ஊர் வர டிக்கெட் யார் எடுப்பது? எந்தத் தீவு, அங்கிருந்து மாலேக்கு எத்தனை மணி நேரம்? தீவின் பெயரைச் சொல்லாமல் "பிறகு பார்க்கலாம்" என்கிற ஏஜென்டிடம் ஒரு ரூபாய்கூட முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தாமிரபரணி மணல் மாலத்தீவுக்குப் போகிறது என்கிறார்களே, நிஜமா? (முறப்பநாடு)

கேள்வியில் இருக்கும் கோபம் புரிகிறது. ஆற்றை அள்ளித் தீர்த்தவர்கள் மேல் நமக்கு இருக்கும் கோபம் நேற்று வந்ததில்லை. நல்லகண்ணு ஐயா தானே மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடி, 2010 டிசம்பரில் தாமிரபரணியில் மணல் அள்ள ஐந்து வருஷத் தடை வாங்கினார், நினைவிருக்கும்.

இனி மாலத்தீவு விஷயம். 1981 முதல் ஒரு வர்த்தக உடன்பாடு இருக்கிறது. நம் நாட்டில் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ இருக்கும் பொருள்களையும் மாலத்தீவுக்கு மட்டும் வருஷம் இவ்வளவு என்று விடுகிறார்கள். 2024-25க்கு அனுமதித்தது ஆற்று மணல் 10 லட்சம் டன், ஜல்லி 10 லட்சம் டன். அந்தச் சரக்கு போகலாம் என்று குறித்த துறைமுகங்களில் தூத்துக்குடியும் ஒன்று. ஆனால் அது உச்ச அளவு. அவ்வளவும் போனது என்றோ, போனது நம் ஆற்று மணல் என்றோ அதற்கு அர்த்தமில்லை. சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற குவாரி மணலாக இருக்க வேண்டும் என்பது விதி. விதிக்கும் லாரிக்கும் உள்ள தூரம் உங்களுக்கே தெரியும்.

அவர்களைச் சுற்றித்தான் கடல் முழுக்க மணல் கிடக்கிறதே என்று கேட்பீர்கள். அது பவளத் துகள், உப்பு ஊறியது. கடலைத் தூர்க்க ஆகும், கம்பி கட்டிக் கான்கிரீட் போட ஆகாது. முன்பு பவளப்பாறையை வெட்டித்தான் வீடும் பள்ளிவாசலும் கட்டினார்கள். பாறையை உடைத்தால் அலையைத் தடுக்க எதுவும் இருக்காது என்று தெரிந்த பிறகு அதற்குக் கட்டுப்பாடு வந்தது.

மாலத்தீவுக்கு அனுமதித்த அதே 2024-25 பட்டியலில் முட்டை 42.75 கோடி! 2022 கணக்கெடுப்புப்படி அந்த நாட்டில் வெளிநாட்டுத் தொழிலாளிகளையும் சேர்த்து 5.15 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள், தலைக்கு வருஷம் 830 முட்டை. ஆம்லெட் தின்கிற சுற்றுலாப் பயணிகளை விட்டுவிட்டு வகுத்தால் இப்படித்தான் தப்பான விடை வரும் என்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்வதற்கு ஏற்ற கணக்கு.

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் மரத் தோணிகளைப் பார்த்திருப்பீர்கள். வெங்காயம், காய்கறி, கல், சிமென்ட் என்று ஏற்றிக்கொண்டு குமரிமுனையைச் சுற்றி அங்கே போவது அவைதான். தென்மேற்குக் காற்று வலுக்கும் மாதங்களில் தோணி கரையில் நிற்கும். அந்த நாள்களில் எங்கள் தீவுக் கடையில் தக்காளி கண்ணில் படாது.

மாசி என்பது என்ன மீன்? எங்கள் ஆச்சி சம்பல் அரைப்பார்கள். இப்போது கடையில் மரக்கட்டை மாதிரி ஒன்றைக் கொடுக்கிறார்கள். (ஏரல்)

மரக்கட்டை மாதிரி இருந்தால்தான் அது மாசி! மீன் சூரை. மாலத்தீவில் அதை வலை போட்டுப் பிடிப்பதில்லை. உயிருள்ள குட்டி மீனைக் கடலில் இறைத்துச் சூரைக் கூட்டத்தைப் படகுக்கு வரவைத்து, கம்பும் தூண்டிலுமாக ஒவ்வொன்றாகத் தூக்கிப் போடுகிறார்கள். பின்பக்கம் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று தூக்கும்போது, தளத்தில் மீன் விழுகிற சத்தம் கேட்க மழை போல இருக்கும்.

முள் நீக்கி நீளவாக்கில் நாலு துண்டாக்கி, உப்புத் தண்ணீரில் வேகவைத்து, புகை போட்டு, வெயிலில் நாள் கணக்கில் காயவைத்தால் மாசி. வேகவைத்த தண்ணீரையும் கொட்ட மாட்டார்கள். சுண்டக் காய்ச்சினால் கருத்த பசை வரும், ரிஹாகுரு என்று பெயர். சோற்றில் ஒரு விரல் தொட்டுக்கொண்டால் போதும். காலையில் அவர்கள் தின்பது மஸ் ஹுனி: சூரை, தேங்காய்ப்பூ, வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு, எல்லாம் கையால் பிசைந்தது. மஸ் என்றால் மீன். முதல் நாள் வாயில் வைத்ததும் எனக்கு வீட்டு அம்மி ஞாபகம் வந்தது.

வாங்கும்போது இரண்டு துண்டைத் தட்டிப் பாருங்கள். டொக் என்று கேட்டால் சரக்கு சரி. அமுக்கினால் அமுங்குவது காயாதது, பூசணம் பிடித்துவிடும். லட்சத்தீவு மாசியும் நன்றாகவே இருக்கும்.

"இந்தியாவே வெளியேறு" என்றவர்கள் இப்போது கைகுலுக்குகிறார்களே, என்ன நடந்தது? (தென்காசி)

கஜானா நடந்தது. 2023 தேர்தலில் அந்த முழக்கத்தோடு வந்தவர் அதிபர் முகமது முய்சு. அங்கே இருந்த நம் ராணுவத்தினர் நூறு பேர்கூட இல்லை. இரண்டு ஹெலிகாப்டர், ஒரு சிறு விமானம், பெரும்பாலும் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கி வருகிற வேலை. 2024 மே மாதத்துக்குள் அவர்களை அனுப்பிவிட்டு, சீருடை இல்லாத தொழில்நுட்ப ஆட்களை வைத்துக்கொண்டார்கள். நடுவில் 2024 ஜனவரியில் துணை அமைச்சர்கள் சிலர் நம் பிரதமரைப் பற்றி உளறிவைக்க, நம்மவர்கள் டிக்கெட்டை ரத்து செய்தார்கள். 2023இல் 2 லட்சத்தைத் தாண்டிய இந்தியப் பயணிகள் மறு வருஷம் 1.3 லட்சம் அளவுக்குச் சரிந்தார்கள்.

அப்புறம்தான் கையிருப்பு வற்றிய கதை. 2024 அக்டோபரில் முய்சு டெல்லி வந்தார். அவர்கள் ரூஃபியாவைக் கொடுத்து நம்மிடம் 40 கோடி டாலரும், தனியாக 3,000 கோடி ரூபாயும் தற்காலிகமாக மாற்றிக்கொள்ள ஏற்பாடு ஆனது. 2025 ஜூலையில் அவர்களுடைய 60ஆம் சுதந்திர தின விழாவுக்கு மோடிதான் சிறப்பு விருந்தினர். 4,850 கோடி ரூபாய் கடன் வசதியும் அறிவித்தார். இதைத் துரோகம், சரணாகதி என்றெல்லாம் நான் பார்க்கவில்லை. அண்டை வீட்டுக்காரனைத் திட்டிக்கொண்டே அவன் கிணற்றில் தண்ணீர் எடுப்பது ஊரில் நடக்காததா? நிஜத் தண்ணீரே கொடுத்திருக்கிறோம். 2014 டிசம்பரில் மாலேயில் குடிநீர் ஆலை எரிந்தபோது விமானத்திலும் கப்பலிலும் தண்ணீர் போனது நம் நாட்டிலிருந்துதான்.

அந்த நாட்டைத் தமிழர்கள் பிடிக்கப் பார்த்தார்களாமே? (சங்கரன்கோவில்)

1988 நவம்பர் 3. திட்டம் போட்டவர் அப்துல்லா லுத்துஃபி என்ற மாலத்தீவு வணிகர். கூலிக்கு வந்தவர்கள் பிளாட் என்ற இலங்கைத் தமிழ் ஆயுத இயக்கத்தினர், ஏறக்குறைய 80 பேர். அதிபர் கையூம் ஒளிந்துகொண்டு உதவி கேட்க, அன்றிரவே ஆக்ராவிலிருந்து நம் பாராசூட் படையினர் போய் இறங்கினார்கள். தப்பிய கப்பலை நம் கடற்படை நடுக்கடலில் மடக்கியது. வகுப்பில் ஒரு பையன் இதைக் கேட்டு, "சார், நீங்களும் தமிழ்தானே?" என்றான். ஆமாம் என்றேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன்.

பெட்டியில் திருச்செந்தூர் முருகன் சிலை கொண்டு போகலாமா? (ஆறுமுகநேரி)

கூடாது. வழிபாட்டுச் சிலைக்குச் சுங்கத்தில் தடை. மதுவும் பன்றி இறைச்சியும் அப்படியே. மாத்திரை கொண்டு போனால் டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். என் பர்ஸில் சின்ன முருகன் படம் இருந்தது, யாரும் கேட்கவில்லை. கேட்காததை அனுமதி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அங்கே தமிழ் பேசினால் புரியுமா? (எட்டாம் வகுப்பு மாணவன், அம்பாசமுத்திரம்)

புரியாது, தம்பி. அவர்கள் மொழி திவேகி, சிங்களத்துக்குத் தங்கச்சி முறை. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். அதன் முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்களிலிருந்து பிறந்தவை, 1 முதல் 9 வரை. ஆனால் ஒரு சொல் உனக்குப் புரியும். நான் போய் இறங்கிய சாயங்காலம் கரையில் நின்ற ஒரு பொடியன், வந்துகொண்டிருந்த படகைக் காட்டி "தோனி, தோனி" என்று கத்தினான். நம் தோணிதான்.