புதுசு வாங்கும் முன் கையில் இருப்பதைப் பாருங்கள்

இசைக்கருவிச் செலவைக் குறைப்பது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணா, என் கிடாரின் ஒலி மங்கிவிட்டது. வேறு கிடார் வாங்கலாமா?

கடைசியாகக் கம்பி மாற்றியது எப்போது? நினைவே இல்லையென்றால் கோளாறு அங்கேதான். வியர்வையும் அழுக்கும் தடித்த கம்பிகளின் சுற்று இடுக்குகளில் ஏறி ஒலியின் பளிச்சென்ற தெளிவைக் கெடுத்துவிடும். புதுக் கம்பி போட்டு ஒரு வாரம் வாசியுங்கள். அப்போதும் அழுத்த விரல் வலித்தால், கழுத்தின் வளைவையும் கம்பியின் உயரத்தையும் பழுது பார்ப்பவரிடம் சரிசெய்து வாங்குங்கள். இந்த இரண்டையும் செய்யாமல் கிடாரை விற்றுவிடாதீர்கள். வாசித்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் கம்பியைத் துடைத்து வைத்தால் இன்னும் பல நாள் வரும்.

பாடிப் பதிவு செய்ய எந்த மைக் நல்லது?

இப்போதைக்கு உங்கள் போன் போதும். பதிவு மோசமாக இருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் மைக் இல்லை, அறை. வெறும் சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலிதான் குரலைக் கிணற்றுக்குள் தள்ளுகிறது. விலை உயர்ந்த மைக் அந்த எதிரொலியை இன்னும் துல்லியமாகப் பிடித்துக் கொடுக்கும், அவ்வளவுதான்.

துணி நிறைந்த அலமாரியைத் திறந்து வைத்து, அதற்கு முதுகு காட்டி நின்று பாடுங்கள். பக்கவாட்டில் கனமான போர்வைகளைத் தொங்கவிடுங்கள். போர்வை உயர் ஒலிகளின் எதிரொலியைக் குடித்துவிடும். தாழ்ந்த பேஸ் ஒலியை ஒன்றும் செய்யாது. தனிக்குரலுக்கு அது பெரிய குறையில்லை. முட்டை அட்டை ஒட்டுவதை விட்டுவிடுங்கள், அதனால் சொல்லும்படி பலன் இல்லை. போனை ஒரு சாண் தூரத்தில், வாய்க்கு நேராக இல்லாமல் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். 'ப' வரும் இடத்தில் மூச்சுக்காற்று 'டப்' என்று அடிக்காது. முதலில் ஒரு வரி பாடி, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். அறையைக் கவனித்த பிறகும் குறை இருந்தால் மைக் பற்றிப் பேசலாம்.

எலக்ட்ரிக் கிடாரை வீட்டு ஸ்டீரியோவில் நேரடியாகச் செருகலாமா?

வேண்டாம். கம்பியின் அதிர்வை மின்சைகையாக்கும் வழக்கமான பிக்அப்புக்குச் சுமார் 10 லட்சம் ஓம் மின்மறுப்புள்ள உள்ளீடு வேண்டும். ஸ்டீரியோவின் லைன்-இன் என்ற உள்ளீட்டுத் துளை பெரும்பாலும் சில பத்தாயிரம் ஓம்தான். உயர் ஒலிகள் போய்விடும். சத்தத்தைக் கூட்டினால், திடீரென்று ஓங்கி அடிக்கும்போது ட்வீட்டர் என்ற உயர் ஒலி ஸ்பீக்கர் போய்விடலாம். கிடார் ஒலியைப் பலவிதமாக மாற்றும் மல்டி எஃபெக்ட்ஸ் பெடல் வைத்திருக்கிறீர்களா? அதன் வழியாகக் குறைந்த சத்தத்தில் வாசியுங்கள். ஹெட்போன் துளை இருந்தால் ஸ்டீரியோவே தேவையில்லை.

பழைய ரௌட்டரின் 9 வோல்ட் அடாப்டரைப் பெடலுக்குப் போடலாமா?

முனையைப் பாருங்கள். பல பெடல்களில் நடுமுனை நெகட்டிவ். ரௌட்டர் அடாப்டர்களில் பெரும்பாலும் நடுமுனை பாசிட்டிவ். மாற்றிச் செருகி ஒரு நல்ல பெடலை இழந்திருக்கிறேன், அதனால் அழுத்திச் சொல்கிறேன். வோல்ட், முனை, டிசியா ஏசியா எல்லாம் பொருந்த வேண்டும். மில்லிஆம்பியர் பெடல் கேட்பதற்குச் சமமாகவோ அதிகமாகவோ இருக்கலாம். ஒன்று பொருந்தாவிட்டாலும் செருகாதீர்கள்.

சுருதி சேர்க்கும் ட்யூனர், தாளம் காட்டும் மெட்ரோனோம், கம்பிகளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடிக்கும் கேப்போ எல்லாம் வாங்க வேண்டுமா?

முதல் இரண்டும் போனிலேயே இலவசம். கேப்போவுக்கு ஒரு பென்சிலும் ரப்பர் பேண்டும் போதும். ஃப்ரெட்டை, அதாவது கழுத்தின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையை, ஒட்டி இறுக்கிக் கட்டுங்கள்.

கணினியில் இசையமைக்க, வாசிப்பதைக் கணினிக்கு அனுப்பும் மிடி கீபோர்டு வாங்க நினைக்கிறேன். வீட்டில் பழைய டிஜிட்டல் கீபோர்டு இருக்கிறது.

அதன் முதுகைப் பாருங்கள். கணினியில் இணைக்கும் சதுர யுஎஸ்பி துளை இருந்தால் பெரும்பாலும் அதுவே மிடி கீபோர்டு. வட்டமான 5 முனைத் துளை இருந்தால் ஒரு சிறு இணைப்பான் வாங்கினால் சரி.

கிடைத்த பொருளில் செய்த கருவி உண்மையில் உருப்படுமா, சார்?

குயின் என்ற ராக் இசைக்குழுவின் கிடார் கலைஞர் பிரையன் மே 1963-இல் தன் தந்தையுடன் சேர்ந்து ஒரு கிடார் செய்யத் தொடங்கினார். கழுத்து, பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். ஸ்பிரிங்குகள், பழைய மோட்டார் சைக்கிளுடையவை. விரல் பலகைப் புள்ளிகள், அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து வந்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். உலகம் முழுக்க மேடைகளில் அவர் வாசித்தது அந்தக் கிடாரைத்தான்.