மீட்டர் 6 யூனிட், கவுண்டர் 9.6 யூனிட்: பதில்

வீட்டுக் கரண்ட் மீட்டரின் சிவப்பு லைட் மின்னுவதைச் சென்சாரால் எண்ணி யூனிட் கணக்கிடும் உங்கள் கவுண்டர் ஏன் கூடக் காட்டுகிறது என்று கேட்டிருந்தீர்கள். கோடில் (புரோகிராமில்) எண்ணிக்கையை வகுக்க 1000 என்று போட்டிருப்பதை 1600 ஆக்குங்கள். மீட்டர் ஒரு நாளில் 6 யூனிட் ஓட உங்கள் கவுண்டரில் இருக்கிற ஈஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லு 9.6 காட்டுகிறது என்றால் விகிதம் சரியாக 1.6. சென்சார் ஒழுங்காகத்தான் எண்ணுகிறது, வகுக்கிற எண்தான் பிழை. மீட்டர் முகப்பில், சிவப்பு லைட்டுக்குப் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை இம்பல்ஸ் (எத்தனை தடவை மின்னும்) என்று சின்ன எழுத்தில் இருக்கும், பாருங்கோ.

நம்பிக்கை வராவிட்டால், வீட்டில் எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டு 2000 வாட் கேத்தலை மட்டும் போடுங்கள். 1600 இம்பல்ஸ் மீட்டரில் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 53 தடவை மின்னும். 1000 என்றால் 33 தான். வோல்டேஜ் குறைந்திருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும்.

மாற்றிய பிறகும் பகலில் மட்டும் கூடுதலாக எண்ணினால் அது சென்சாரில் படும் வெயில். என் மீட்டர் விறாந்தைச் சுவரில், காலை வெயில் நேரே அடிக்கும் இடத்தில் இருக்கிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்பு ரேப் ஒட்டித்தான் அடங்கியது.

இன்னொன்று, கரண்ட் போய் வந்தால் எண்ணிக்கை பூச்சியத்துக்குப் போகும். இடைக்கிடை ஃபிளாஷில் (கரண்ட் போனாலும் அழியாத நினைவகத்தில்) சேமியுங்கள், ஆனால் ஒவ்வொரு இம்பல்ஸுக்கும் எழுதினால் ஃபிளாஷ் தேய்ந்துவிடும். மீட்டரின் சீலில் மட்டும் கை வைக்காதீர்கள், சென்சாரை வெளியே ஒட்டினால் போதும்.