சர்வீஸ் பணம் எவ்வளவு வரும்? வளைகுடாவிலிருந்து கிளம்புகிறவர்களின் கேள்விகள்

வளைகுடாவில் ஒரு கம்பெனியின் சம்பளப் பிரிவில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் ஊருக்கு வந்த பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. கிராஜுவிட்டி, சர்வீஸ் பணம், செட்டில்மென்ட் என்று ஆளுக்கொரு பேர் சொன்னாலும் கேட்பது ஒன்றுதான்: வேலையை விட்டுக் கிளம்பும்போது, உழைத்த வருடங்களுக்காகக் கம்பெனி தரும் பணம். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். பதில் நாட்டுக்கு நாடு மாறும் என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துபாய்க்காரர் கணக்கை வைத்து ரியாத்தில் இருப்பவர் சண்டை போடக் கூடாது.

ஷார்ஜாவில் ஏழு வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தேன், சார். மாதம் 2,500 திர்ஹாம். வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்று வைத்து 17,500 வரும் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். கம்பெனி 6,100 என்கிறது. நானாக ராஜினாமா செய்ததால் பிடித்துவிட்டார்களா?

ராஜினாமாவுக்காகப் பிடித்திருக்க மாட்டார்கள். அந்த வெட்டு பழைய சட்டத்தில் இருந்தது. 2022 பிப்ரவரி 2-ல் நடைமுறைக்கு வந்த புதுத் தொழிலாளர் சட்டத்தில் அது கிடையாது. ஒரு வருடம் முடித்தவர் தானாக விலகினாலும், கம்பெனி அனுப்பினாலும் கணக்கு ஒன்றுதான்.

உங்கள் தொகை குறைந்ததற்குக் காரணம் பேசிக். எமிரேட்ஸில் கிராஜுவிட்டி கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தின் மேல்தான். வீட்டு வாடகைப் படி, போக்குவரத்துப் படி எதுவும் சேராது. நீங்கள் அனுப்பிய ஒப்பந்தத்தில் பேசிக் 1,200 என்றுதான் இருக்கிறது. ஒரு நாளுக்கு 40 திர்ஹாம். முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் வீதம் 4,200. ஆறாவது வருடத்திலிருந்து வருடம் 30 நாள், அதாவது 1,200. இரண்டு வருடத்துக்கு 2,400. மொத்தம் 6,600.

சரி, மீதி 500 எங்கே? 2020-ல் ஐந்து மாதம் சம்பளமில்லாமல் ஊரில் இருந்ததாகக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் போனது. சம்பளம் இல்லாத நாட்கள் சர்வீஸில் சேராது. ஐந்து மாதம் கழிந்தால் ஆறு வருடம் ஏழு மாதம். 4,200-உம் 1,900-உம் சேர்ந்து 6,100. கம்பெனி கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றைக் கேளுங்கள். எடுக்காத வருடாந்தர விடுப்புக்கான பணம் இதில் சேராது, அது தனி. அதுவும் பேசிக் மேல்தான் என்றாலும் பணம் பணம்தானே. வேலை முடிந்த 14 நாளுக்குள் எல்லாவற்றையும் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் மனிதவள அமைச்சகத்தில் புகார் செய்யலாம். 50,000 திர்ஹாம் வரையிலான வழக்குகளை அமைச்சகமே தீர்த்துவைக்க அதிகாரம் உண்டு. வேலை முடிந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் கேட்டுவிட வேண்டும்.

வேலைக்குச் சேரும்போது மொத்தச் சம்பளத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறோம். பேசிக் எவ்வளவு என்று பார்ப்பவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. நானும் பார்க்கவில்லை.

தம்மாமில் வேலை. வருகிற மாதம் 4 வருடம் 8 மாதம் முடியும். மேனேஜரோடு ஒத்துவரவில்லை, ரெசிக்னேஷன் எழுதி வைத்துவிட்டேன். சம்பளம் 3,000 ரியால், அதில் பேசிக் 2,000. எவ்வளவு கிடைக்கும், அண்ணா?

தம்பி, கொடுத்துவிட்டீர்களா, எழுதி மட்டும்தான் வைத்திருக்கிறீர்களா? கொடுக்கவில்லை என்றால் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சவூதியில் முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் அரை மாதச் சம்பளம், அதற்கு மேல் வருடம் ஒரு மாதச் சம்பளம். இங்கே ஒரு நல்ல விஷயம்: பேசிக் மட்டுமல்ல, வீட்டுப்படி போன்ற நிலையான படிகளும் சேர்ந்த கடைசிச் சம்பளம்தான் கணக்கு. உங்களுக்கு 3,000 என்றே வைத்துக்கொள்ளலாம். கமிஷன் மாதிரி ஏறி இறங்குவதை ஒப்பந்தத்தில் விலக்கி வைக்கலாம்.

கெட்ட விஷயம், சவூதியில் ராஜினாமாவுக்கு வெட்டு உண்டு. இரண்டு வருடத்துக்குள் விலகினால் ஒன்றுமில்லை. இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு. ஐந்தைத் தாண்டி, பத்துக்குள் என்றால் மூன்றில் இரண்டு பங்கு. பத்து முடிந்தால் முழுசாக.

இப்போது பாருங்கள். இன்றைக்குக் கொடுத்தால் முழுக் கணக்கு 7,000, உங்கள் கைக்கு வருவது 2,333. ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டுக் கொடுத்தால் முழுக் கணக்கு 7,500, கைக்கு 5,000. நாலு மாதப் பொறுமைக்கு இரண்டு மடங்குக்கு மேல். அந்த மேனேஜர் அந்த அளவுக்கு மோசமா?

இதைவிட நல்ல வழி ஒன்றும் இருக்கிறது. சவூதியில் வெளிநாட்டவர் ஒப்பந்தம் எப்போதுமே காலவரையறை உள்ளதுதான். ஒப்பந்தம் முடியும் தேதியில், 'இனிப் புதுப்பிக்க விருப்பமில்லை' என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு விலகினால் அது ராஜினாமா ஆகாது. ஒப்பந்தம் முடிந்தது, அவ்வளவுதான். வெட்டு இல்லை, 7,500 முழுசாக வரும். வேலை ஒப்பந்தங்கள் பதிவாகும் சவூதி அரசின் கிவா இணையதளத்தில் நுழைந்து உங்கள் ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடிகிறது, எத்தனை நாள் முன்னால் அறிவிக்க வேண்டும் என்று பாருங்கள். அந்த நாளைத் தவறவிட்டால் ஒப்பந்தம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், அப்புறம் மறுபடி முதலிலிருந்து. வருடாவருடம் புதுப்பித்தாலும் சர்வீஸ் ஒரே சர்வீஸ்தான், அதில் குழப்பம் வேண்டாம்.

கம்பெனி அனுப்பினால் ஒரு வாரத்திலும், நீங்களாக விலகினால் இரண்டு வாரத்திலும் கணக்கு முடிக்க வேண்டும். புகார் செய்ய 12 மாதம் வரைதான் அவகாசம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை: திருமணமான ஆறு மாதத்துக்குள், அல்லது குழந்தை பிறந்த மூன்று மாதத்துக்குள் சவூதியில் வேலையை விட்டால் வெட்டே கிடையாது. அங்கே வேலை செய்யும் நம்மூர் நர்ஸுகள் பலருக்கு இது தெரியவில்லை.

அரபியில் ஒரு தாள் கொடுத்து 'எல்லாப் பணமும் வாங்கிவிட்டேன்' என்று கையெழுத்து கேட்கிறார்கள். பணம் ஏர்போர்ட்டில் தருவார்களாம். போடலாமா?

போடாதீர்கள்.

எனக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு கையெழுத்தில்தான் முடிகின்றன. விமானம் ஏறுமுன் ஒரு கவர் கொடுப்பார்கள், எண்ணிப் பார்க்க நேரம் இருக்காது. அல்லது 'ஊருக்கு அனுப்பிவைக்கிறோம்' என்பார்கள். சவூதிச் சட்டப்படி வேலையில் இருக்கும்போதே உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாள் செல்லாது. உண்மைதான். ஆனால் இக்காமா, அதாவது அங்கே தங்கும் அனுமதி, ரத்தாகி ஊருக்கு வந்த பிறகு அது செல்லாது என்று அங்கே யார் போய் வாதாடுவது?

பணம் உங்கள் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு கையெழுத்து, இதுதான் வரிசை. விடாப்பிடியாக நிற்கிறார்கள் என்றால், கையெழுத்துக்குப் பக்கத்திலேயே 'பணம் இன்னும் பெறவில்லை' என்று தமிழிலாவது தேதியோடு எழுதிவிட்டு போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளக் கணக்கை அவசரப்பட்டு மூடவும் வேண்டாம். பணம் வராமலே கிளம்ப வேண்டிய நிலை என்றால், புகாரைப் பதிந்துவிட்டு, நம்பிக்கையான ஒருவருக்கு அங்கேயே பவர் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஊரிலிருந்து பவர் அனுப்ப அலைச்சலும் செலவும் அதிகம்.

விசா செலவு, டிக்கெட் என்று செட்டில்மென்ட்டில் 3,000 பிடித்திருக்கிறார்கள்.

எமிரேட்ஸாக இருந்தாலும் சவூதியாக இருந்தாலும் ஆளெடுக்கும் செலவு முதலாளி தலையில்தான். சவூதியில் இக்காமா, வேலை அனுமதிக் கட்டணங்களும் அவர்களுடையதுதான். நீங்கள் வாங்கிய கடன், முன்பணம் இவற்றைப் பிடிக்கலாம். பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதிய தாள் கேளுங்கள். எழுதித் தரச் சொன்னாலே சில பிடித்தங்கள் காணாமல் போவதைப் பார்த்திருக்கிறேன்.

கம்பெனியில் சண்டை வந்து உடனே வெளியேற்றிவிட்டார்கள். டிஸ்மிஸ் ஆனால் சர்வீஸ் பணமே கிடையாது என்கிறார்களே?

எந்த நாடு என்று எழுத மறந்துவிட்டீர்கள். சவூதியில் சட்டத்தின் 80-ஆம் பிரிவின் கீழ் நீக்கினால் கிடையாது. அடிதடி, மோசடி, நீண்ட நாள் சொல்லாமல் வராதது போன்றவை அதில் வரும். ஆனால் காரணத்தை நிரூபிக்க வேண்டியது கம்பெனி. உங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் தர வேண்டும். எமிரேட்ஸில் பழைய சட்டம் இப்படிப் பறித்தது. இப்போதைய சட்டத்தில் அந்தப் பறிமுதல் இல்லை, அறிவிப்புக் காலச் சம்பளம்தான் போகும்.

நான் மட்டக்களப்பு. குவைத்தில் ஒரே வீட்டில் ஆறு வருசம் வேலை. 100 தினார் சம்பளம். போறன் என்று சொன்னால், வீட்டு வேலைக்கு சர்வீஸ் காசு இல்லை என்று மேடம் சொல்றா. உண்மையா?

உண்மை இல்லை, தங்கச்சி. கம்பெனித் தொழிலாளர் சட்டம் உங்களுக்குப் பொருந்தாது, அதை வைத்துத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் வீட்டுத் தொழிலாளருக்கென்று குவைத்தில் 2015-ல் தனிச் சட்டம், 68-ஆம் எண் சட்டம், வந்துவிட்டது. அதன்படி வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். ஆறு வருடத்துக்கு 600 தினார். கம்பெனி ஆட்களுக்கு முதல் ஐந்து வருடம் வரை வருடத்துக்கு 15 நாள் சம்பளம்தான், அந்த வகையில் உங்கள் சட்டம் மேல்.

கோபத்தில் வீட்டைவிட்டு மட்டும் இறங்கிவிடாதீர்கள். 'ஓடிவிட்டாள்' என்று ஒரு புகார் பதிந்தால் பேச்சே அதைப் பற்றியதாகிவிடும். முதலில் ஒப்பந்தப் பிரதி, சம்பளம் வாங்கியதற்கான கையெழுத்து, ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதுகள் எல்லாவற்றையும் போனில் படமாக எடுத்து ஊரில் யாருக்காவது அனுப்பிவையுங்கள். பிறகு இலங்கைத் தூதரகத்தின் தொழிலாளர் பிரிவில் சொல்லுங்கள். அங்கிருந்து குவைத் மனிதவள ஆணையத்தின் வீட்டுத் தொழிலாளர் பிரிவுக்குப் புகார் போகும். முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்துவைக்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

சவூதியில் வீட்டு வேலைக்கு நான்கு வருடம் முடித்தால் ஒரு மாதச் சம்பளம். கத்தாரில் வருடத்துக்கு மூன்று வாரம்.

கத்தார், ஓமன், பஹ்ரைன், சிங்கப்பூர் பற்றி நான்கு பேர் கேட்டதற்குச் சேர்த்து ஒரு பதில்.

கத்தாரில் கம்பெனி வேலைக்கும் வருடத்துக்குக் குறைந்தது மூன்று வார பேசிக், ஒரு வருடம் முடித்திருந்தால் போதும். ஓமனில் 2023-ல் வந்த புதுச் சட்டம் வருடத்துக்கு ஒரு மாத பேசிக் என்று உயர்த்திவிட்டது. பஹ்ரைனில் 2024 மார்ச் முதல் கம்பெனி மாதாமாதம் அரசின் சமூகக் காப்பீட்டு நிறுவனத்தில் கட்டுகிறது: முதல் மூன்று வருடம் சம்பளத்தில் 4.2 சதவீதம், பிறகு 8.4. கிளம்பும்போது அந்தப் பங்கை அங்கேதான் கேட்க வேண்டும், அதற்கு முந்தைய சர்வீஸுக்குக் கம்பெனியிடம். இரண்டு வாசல். சிங்கப்பூரில் சட்டப்படி கிராஜுவிட்டி என்று ஒன்று இல்லை, வெளிநாட்டவருக்கு சிபிஎஃப் என்ற அந்நாட்டு சேமநிதிப் பிடித்தமும் இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் மட்டும் உண்டு. வரி கணக்கு முடியும் வரை கடைசிச் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்தி வைத்தால் பயப்படாதீர்கள், அது அங்கே வழக்கமான நடைமுறை.

என் அண்ணன் ரியாத்தில் இறந்துவிட்டார். அவருடைய பணத்துக்கு அண்ணி என்ன செய்ய வேண்டும்?

சர்வீஸ் பணம், பாக்கிச் சம்பளம், விடுப்புப் பணம் எல்லாம் குடும்பத்துக்கு முழுசாகச் சேர வேண்டியவை. தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு இன்றே மனுக் கொடுங்கள், தாமதமாவது பெரும்பாலும் அதில்தான். வாரிசுகள் எல்லோரும் சேர்ந்து எழுதிய பவர் பத்திரத்தைச் சான்றொப்பத்தோடு இந்தியத் தூதரகத்துக்கு அனுப்பினால், அவர்கள் கம்பெனியிடம் வசூலித்து மாவட்ட ஆட்சியர் வழியாக அனுப்புவார்கள். கம்பெனி ஆளுக்கு நேரடியாகப் பவர் கொடுக்க வேண்டாம். அண்ணன் குடியேற்ற அனுமதி முத்திரையோடு போனவர் என்றால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு இருந்திருக்கும். விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய். பழைய காகிதங்களுக்குள் அந்தப் பாலிசியைத் தேடிப் பாருங்கள். அவரோடு அறையில் இருந்தவர்களிடமும் கேளுங்கள்.

18 வருடம் முடித்து ஊர் திரும்புகிறேன். கிராஜுவிட்டியை நேராக ஊர்க் கணக்குக்கே போடச் சொல்லலாமா? வரி வருமா?

வேண்டாம். அங்குள்ள உங்கள் கணக்கில் முதலில் வாங்குங்கள், பிறகு நீங்கள் அனுப்புங்கள். வெளிநாட்டில் உழைத்து, வெளிநாட்டிலேயே கைக்கு வந்த பணம், நீங்கள் என்ஆர்ஐயாக இருக்கும் நிதியாண்டில் இங்கே வரிக்கு வராது. கம்பெனி நேராக இந்தியக் கணக்கில் போட்டால் 'இந்தியாவில் பெற்றது' என்ற கேள்வியைத் தேவையில்லாமல் இழுத்துவிடுவீர்கள். ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான கணக்கில் 182 நாள் இங்கே தங்கிவிட்டால் அந்த ஆண்டு நீங்கள் ரெசிடென்ட், அதாவது வரிக் கணக்கில் உள்நாட்டுக்காரர். 18 வருடம் வெளியே இருந்தவருக்கு இடைப்பட்ட ஒரு நிலையும், அதில் சலுகையும் உண்டு. ஆடிட்டர் ஒருவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்து நாட்களை எண்ணச் சொல்லுங்கள்.

வந்தவுடன், வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்ஆர்இ கணக்கை வங்கியில் சொல்லி உள்ளூர்க் கணக்காக மாற்றிவிடுங்கள். பணத்தை டாலராகவே வைத்திருக்க ஆசை என்றால் ஆர்எஃப்சி கணக்கு என்று கேளுங்கள். கவுன்ட்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால் மேனேஜரிடம் போங்கள்.