எத்தனை குஸ்ரோக்கள்?

கேள்வி: பாடப்புத்தகத்தில் அமீர் குஸ்ரோ என்று படித்தோம். டெல்லி சுல்தான்கள் வரிசையில் குஸ்ரோ கான் வருகிறார். இஸ்லாமிய நூல்களில் கிஸ்ரா என்ற பாரசீக மன்னர். இவர்கள் ஒரே பரம்பரையா?
வாசகி ஒருவர், திண்டுக்கல்.

பதில்: பரம்பரை வேறு வேறு, பெயர்தான் ஒன்று. குஸ்ரோ என்றால் நற்புகழ் உடையவன். அரபியர் அதைக் கிஸ்ரா ஆக்கி, பாரசீக மன்னர் எல்லாருக்குமே சூட்டிவிட்டார்கள்.

பாரசீக மன்னர் முதலாம் குஸ்ரோ (ஆட்சி 531–579) பெயருக்கேற்றவர். நம் பஞ்சதந்திரத்தைப் பாரசீகத்துக்குக் கொண்டுபோன புர்சோய் இவருடைய மருத்துவர். பேரன் இரண்டாம் குஸ்ரோ 614இல் ஜெருசலேம் வரை பிடித்தார். 628இல் சொந்த மகனாலேயே அரியணை இழந்து கொல்லப்பட்டார்.

அமீர் குஸ்ரோ (1253–1325) மன்னரே அல்ல, கவிஞர். குஸ்ரோ என்பது அவர் சூடிய புனைபெயர். அந்தப் பெயரோடு அவர் எழுதிய இரண்டு காவியங்கள் எனக்கு ஆச்சரியம். ஒன்று, இரண்டாம் குஸ்ரோவுக்கும் அவர் மனைவி ஷிரினுக்கும் இடையிலான காதல். மற்றொன்று, நீங்கள் கேட்ட குஸ்ரோ கானின் வீழ்ச்சி. ஹசன் என்ற அடிமைக்குச் சுல்தான் முபாரக் ஷா கொடுத்த பட்டம்தான் குஸ்ரோ கான். மாபார் என்று அவர்கள் அழைத்த நம் தமிழ்நாட்டின் மீதும் படையெடுத்து வந்தவர். 1320இல் அதே சுல்தானைக் கொன்று அரியணை ஏறினார். சில மாதங்களுக்குள் கியாசுதீன் துக்ளக் அவர் தலையை எடுத்தார்.

நீங்கள் கேட்காத ஒருவரையும் சொல்லாமல் விட எனக்கு மனம் இல்லை. ஜஹாங்கீரின் மூத்த மகன் குஸ்ரோ மிர்சா. 1606இல் தந்தையை எதிர்த்துத் தோற்றார். பின்னர் தந்தையின் ஆணையால் கண்கள் குருடாக்கப்பட்டன. 1622இல், தம்பி குர்ரமின் காவலில் புர்ஹான்பூரில் இறந்தபோது வயது 34. அந்தத் தம்பிதான் பிற்பாடு ஷாஜஹான்.

சில ஆண்டுகளுக்கு முன் காசியிலிருந்து திரும்பும்போது, அலகாபாதில் அடுத்த ரயிலுக்கு நான்கு மணி நேரம் இருந்தது. நிலையத்துக்குப் பக்கத்திலேயே குஸ்ரோ பாக் என்ற தோட்டம். நடந்தே போனேன். மரங்களுக்கிடையே வரிசையாகக் கல்லறை மண்டபங்கள். ஒன்றில் தாய் ஷா பேகம். தந்தைக்கும் மகனுக்கும் நடந்த சண்டையைத் தாங்க முடியாமல் அபின் உண்டு இறந்தவர். இன்னொன்றில் குஸ்ரோ. இருவருக்கும் நடுவில் நிற்பதுதான் எல்லாவற்றிலும் அழகானது. விதானத்தில் நட்சத்திரங்கள் தீட்டியிருக்கிறார்கள். அக்கா நிதார் பேகம் தனக்கென்று கட்டச் சொன்ன மண்டபம் அது. அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் படுக்க ஆசைப்பட்டிருக்கிறார் என்று எண்ணியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அங்கே அவர் இல்லை. உள்ளே கல்லறையே கிடையாது. அவரைத் தாத்தா அக்பரின் சமாதியில், ஆக்ராவை அடுத்த சிக்கந்திராவில் அடக்கம் செய்துவிட்டார்கள்.