கண் பார்த்தது, கை எழவில்லை: முன்னாள் சாம்பியன்களின் கடைசித் தோல்விகள் பற்றிய கேள்வி பதில்

ராணுவத்தில் பதினோரு ஆண்டுகள் கையுறை மாட்டியவன் நான். ஓய்வுபெற்று ஊர் திரும்பியபின், உச்சிப்புளிக்குப் பக்கத்தில் அரியமான் கடற்கரையில் பிள்ளைகளுக்குக் குத்துச்சண்டை சொல்லித் தருகிறேன். அசைக்க முடியாதவர்களாக இருந்த வீரர்கள் கடைசிக் காலத்தில் ஏன் அப்படித் தோற்றார்கள் என்று நம் பகுதியில் பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதியிருக்கிறேன்.

கீழக்கரையிலிருந்து ஒரு கடைக்காரர்: அண்ணன், 1980-இல் முகமது அலி சென்னைக்கு வந்தபோது என் வாப்பா நேரு ஸ்டேடியத்தில் நேரில் பார்த்திருக்கிறார். அவ்வளவு அழகாகக் கையை வீசினார் என்று இன்றும் சொல்வார். அதே ஆண்டில் லாரி ஹோம்ஸிடம் அப்படி அடி வாங்கினாரே, எப்படி?

உங்கள் வாப்பா கொடுத்துவைத்தவர். ஆனால் அவர் பார்த்தது காட்சிப் போட்டி. எதிரில் நின்ற ஜிம்மி எல்லிஸ், அலி பிறந்த லூயிவில் நகரத்துக்காரர், பழைய தோழர். முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வரவேற்ற அந்த நிகழ்ச்சியில் ஒருவரையொருவர் காயப்படுத்தும் எண்ணம் இருவருக்கும் கிடையாது. கூட்டத்துக்கு ஆடிக் காட்டும்போது வயது தெரியாது தம்பி. எதிராளி உண்மையாக அடிக்கும்போதுதான் தெரியும்.

அலியின் தோல்வி 1980-இல் தொடங்கவில்லை. 1975 அக்டோபரில் மணிலாவில் ஜோ ஃப்ரேசியரோடு பதினான்கு சுற்றுகள். ஜெயித்தவர் அலிதான், ஆனால் அன்று அவர் உடம்பு கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 1977-இல் எர்னி ஷேவர்ஸ் என்ற இடிபோல் அடிக்கும் மனிதரிடம் பதினைந்து சுற்றுகள். அதிலும் வெற்றிதான். ஆனால் அதற்குப் பிறகு அலியின் மருத்துவர் ஃபெர்டி பச்சேகோ, இனி ஆடக் கூடாது என்று சொல்லிப் பார்த்து, கேட்பார் இல்லாததால் விலகிக்கொண்டார். 1978 பிப்ரவரியில், தொழில்முறையில் ஏழே போட்டிகள் ஆடியிருந்த லியோன் ஸ்பிங்க்ஸிடம் பட்டத்தை இழந்தார். செப்டம்பரில் திரும்பப் பெற்று, 1979-இல் ஓய்வையும் அறிவித்தார். அங்கேயே நின்றிருக்கலாம்.

1980 அக்டோபர் 2, லாஸ் வேகஸ். அலிக்கு வயது 38. ஓய்வுக் காலத்தில் ஏறிய எடையைக் குறைத்துப் பழைய உடம்போடு வந்து நின்றார். பார்த்தவர்கள் மயங்கினார்கள். ஆனால் அந்த எடைக் குறைவில் தைராய்டு மாத்திரைக்கும் பங்கு இருந்தது. அந்த மருந்து தசையைத் தின்றுவிடும், உடம்பில் நீரை வற்றவைக்கும், இதயத்தை வேகமாகத் துடிக்கவைக்கும். வெளித்தோற்றத்துக்குத் தேர் போல இருந்தார், அச்சு முறிந்திருந்தது. பத்துச் சுற்றுகளையும் மூன்று நடுவர்களும் ஹோம்ஸுக்கே கொடுத்தார்கள். ஹோம்ஸ் ஒரு காலத்தில் அலியின் பயிற்சி முகாமில் அவரோடு மோதிப் பழகியவர். தன் குருவைப் போன்ற ஒருவரை அடிக்க மனமில்லாமல், சண்டையை நிறுத்தும்படி மேடையில் நின்ற நடுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அழுதார்.

பத்தாவது சுற்று முடிந்ததும் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டீ நிறுத்தினார். இன்னும் ஒரு சுற்று என்று உதவியாளர் ஒருவர் கெஞ்சினார். டண்டீ அசையவில்லை. அன்று அலிக்கு யாராவது நல்லது செய்தார்கள் என்றால் அது இந்த ஒன்றுதான்.

அதே கடைக்காரர்: அதோடு விட்டாரா?

இல்லை. 1981 டிசம்பர் 11, பஹாமாஸ் தீவுகளில் நாசோ நகரம். எதிராளி ட்ரெவர் பெர்பிக். சுற்று தொடங்கவும் முடிக்கவும் அடிக்கும் மணிகூட ஒழுங்காக இல்லாமல், மாட்டுக்கழுத்து மணியை அடித்தார்கள். மூன்று முறை உலகப் பட்டம் வென்றவரின் கடைசிப் போட்டி அந்தச் சத்தத்தில் முடிந்தது. பத்துச் சுற்று, புள்ளிகளில் தோல்வி. இன்னும் ஒரு மாதத்தில் அவருக்கு நாற்பது. 1984-இல் பார்க்கின்சன் நோய் என்று மருத்துவர்கள் அறிவித்தார்கள். அந்த மாட்டுமணியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் நெஞ்சு வலிக்கிறது.

ராமநாதபுரத்திலிருந்து ஓர் ஆசிரியர்: யானைக்கும் அடி சறுக்கும் என்பார்களே, அப்படித்தானே இதையும் எடுத்துக்கொள்ள வேண்டும்?

இல்லை ஐயா. சறுக்கிய யானை மறுபடி எழுந்து பழையபடி நடக்கும். 1990-இல் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் 23 வயது மைக் டைசன் விழுந்தாரே, அது சறுக்கல். அதே டைசன் 2004-இல் டேனி வில்லியம்ஸிடமும், 2005-இல் கெவின் மெக்பிரைடிடமும் தோற்றது வேறு. மெக்பிரைடோடு ஆறு சுற்று முடிந்து முக்காலியில் உட்கார்ந்தவர், ஏழாவதுக்கு எழவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ராய் ஜோன்ஸ் ஜூனியரை யாராலும் தொடவே முடியாது என்று சொல்வார்கள். அவர் ஏன் திடீரென்று விழுந்தார்?

மிகச் சரியான ஆளைப் பற்றிக் கேட்டிருக்கிறாய் தம்பி. இந்தக் கேள்விக்குள் மொத்த விஷயமும் இருக்கிறது.

குத்துச்சண்டையில் முதல் பாடம், கை தாடையைக் காக்க வேண்டும் என்பது. ராய் ஜோன்ஸ் அதைச் செய்யவே மாட்டார். கையைத் தொங்கப்போட்டு நிற்பார், முகத்தை நீட்டிக் காட்டுவார், குத்து வரும் கணத்தில் தலையை இழுத்துக்கொள்வார். பதினைந்து ஆண்டுகள் அது பலித்தது. அவருக்குக் கேடயம் கை அல்ல, வேகம். வேகத்தைக் கேடயமாக வைத்திருப்பவனுக்கு ஒரு நொடியின் சிறு பகுதி குறைந்தாலே கேடயம் முழுவதும் போய்விட்டது என்று பொருள்.

அதோடு எடை. 2003 மார்ச்சில் ஜான் ரூயிஸை வென்று ஹெவிவெயிட் என்ற மிகக் கனமான எடைப் பிரிவின் பட்டம் பெற்றபோது அவர் எடை 193 பவுண்டு. அதற்காக ஏற்றிய தசையை எல்லாம் கரைத்து, அதே ஆண்டு நவம்பரில் 175 பவுண்டில் அன்டோனியோ டார்வரைச் சந்தித்தார். மூச்சு முட்டி, தட்டுத்தடுமாறி ஜெயித்தார். 2004 மே மாதம் மறுபோட்டியில் டார்வரின் இடது கை இரண்டாவது சுற்றிலேயே அவரைச் சாய்த்தது. செப்டம்பரில் கிளென் ஜான்சன் ஒன்பதாவது சுற்றில் சாய்த்தார். வயது 35. அதற்குப் பிறகும் 2018 வரை ஆடினார், 2023-இல் மறுபடியும் மேடை ஏறினார் என்பதுதான் எனக்குத் தாங்க முடியாதது. நடுவில் 2011-இல் லெபடேவிடமும், 2015-இல் மக்கரினெல்லியிடமும் நினைவிழந்து விழுந்தார்.

நம் ஊரில் கரைவலை இழுப்பவர்களைப் பார்த்திருப்பாய். வயதான மண்டாடி, அதாவது வலைக்காரர்களின் தலைவர், தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே மீன் கூட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்வார். அந்த அறிவு எழுபது வயதிலும் போகாது. ஆனால் கயிற்றைப் பிடிக்கச் சொன்னால் உள்ளங்கையில் வழுக்கும். கரையில் அதனால் குடி முழுகிவிடாது, இளைஞர்கள் இழுப்பார்கள். கயிறு கட்டிய அந்த மேடையில் உனக்காக வேறு யாரும் கை ஓங்க முடியாது.

பாம்பனிலிருந்து ஒரு மீனவர்: அப்படியானால் ஜார்ஜ் ஃபோர்மேன் 45 வயதில் எப்படிப் பட்டம் வென்றார்?

1994 நவம்பர் 5, மைக்கேல் மூரரைப் பத்தாவது சுற்றில் ஒரே வலது கைக் குத்தில் வீழ்த்தினார். இருபது ஆண்டுகளுக்கு முன் அலியிடம் தோற்றபோது அணிந்த அதே கால்சட்டையோடு. ஃபோர்மேனின் மூலதனம் வேகம் அல்ல, கனம். கனம் மெதுவாகத்தான் கரையும். அந்தப் போட்டியிலும் அதுவரை அவர் புள்ளிகளில் பின்தங்கியே இருந்தார் என்பதை மறக்க வேண்டாம். அவரைக் காட்டித்தான் எத்தனையோ பேர் ஓய்வைத் தள்ளிப்போடுகிறார்கள்.

மண்டபத்திலிருந்து பிளஸ் ஒன் மாணவி: மேரி கோம் டோக்கியோ ஒலிம்பிக்கில் தோற்றது வயதாலா, தீர்ப்பாலா?

மகளே, 38 வயதில் கொலம்பியாவின் இங்ரித் வலென்சியாவோடு மூன்று சுற்று ஆடி 3-2 என்று பிரிந்த தீர்ப்பில் தோற்றார். இரண்டு நடுவர்கள் மேரிதான் வென்றார் என்றார்கள். ஆறு முறை உலகச் சாம்பியன், நான்கு பிள்ளைகளின் தாய். முதல் சுற்றை விட்டுக்கொடுத்து, பிறகு மீட்டு வந்தார். முதல் சுற்றில் உடம்பு சூடேறத் தாமதமாவது வயதின் வேலை. ஆனால் இதை நான் அந்தச் சோகப் பட்டியலில் சேர்க்க மாட்டேன். ஒலிம்பிக் போன்ற அமெச்சூர் குத்துச்சண்டையில் 40 வயது வரம்பு உண்டு. அது கொடுமை போலத் தோன்றும், உண்மையில் காவல். தொழில்முறையில் ஆடிய அலிக்கு அப்படி ஒரு வேலி இருக்கவில்லை.

அதே மாணவி: விஜேந்தர் சிங்?

தொழில்முறைக்கு வந்து தொடர்ந்து பன்னிரண்டு வெற்றிகள். 2021 மார்ச்சில் கோவாவில் கப்பல் மேல்தளத்தில் நடந்த போட்டியில் ரஷ்யாவின் லோப்சானிடம் ஐந்தாவது சுற்றில் முதல் தோல்வி. ஓர் ஆண்டுக்கு மேல் மேடை ஏறாமல் இருந்து 35 வயதில் வந்தால் அப்படித்தான் ஆகும்.

பரமக்குடியிலிருந்து ஒரு வங்கி ஊழியர்: எல்லாம் பணத்தாசை என்கிறார்களே?

ஆசை என்று சொல்லி முடித்துவிடாதீர்கள். ஜோ லூயிஸ் கதையைக் கேளுங்கள். 1937 முதல் 1949 வரை உலகச் சாம்பியன், 25 முறை பட்டத்தைக் காத்தவர். போர்க் காலத்தில், 1942-இல், இரண்டு போட்டிகளின் வருமானத்தைக் கடற்படை, தரைப்படை நிவாரண நிதிகளுக்குக் கொடுத்தார். பின்னாளில் வருமான வரித்துறை அவர் கழுத்தைப் பிடித்தது. வட்டி குட்டி போட்டது. ஓய்வு பெற்றவர் கடனுக்காகத் திரும்பி வந்தார். 1950-இல் எஸார்ட் சார்லஸிடம் தோல்வி. 1951 அக்டோபர் 26 அன்று, 37 வயதில், ராக்கி மார்சியானோவின் குத்தில் எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு வெளியே போய் விழுந்தார். மார்சியானோ சிறுவயதிலிருந்தே லூயிஸைக் கொண்டாடியவர். போட்டிக்குப் பிறகு அவருடைய அறைக்குப் போய் அழுதார். அந்த மார்சியானோ 49 போட்டிகளிலும் வென்று, தோல்வியே இல்லாமல் 1956-இல் ஒதுங்கினார். லூயிஸ் விழுந்ததைக் கிட்டத்தில் நின்று பார்த்த கண்கள் அவருடையவை என்பதை நான் எப்போதும் நினைத்துக்கொள்வேன்.

திருப்புல்லாணியிலிருந்து ஒருவர்: 58 வயது டைசன் 2024-இல் யூடியூபில் பிரபலமான ஜேக் பாலோடு ஆடியது சரியா?

சரியில்லை. இரண்டு நிமிடச் சுற்றுகள், கனமான கையுறை என்று விதிகளைத் தளர்த்தியே நடத்தினார்கள். தளர்த்த வேண்டியிருந்தது என்பதே நடத்தியிருக்கக் கூடாது என்பதற்குச் சான்று.

ஏர்வாடியிலிருந்து ஓர் ஆட்டோ ஓட்டுநர்: நீங்கள் எப்போது நிறுத்தினீர்கள் அண்ணன்?

1998. எனக்கு 31, எதிராளிக்கு 22 இருக்கும். இரண்டாவது சுற்று. அவன் இடது தோள் லேசாகத் தாழ்ந்தது. ஹுக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து, வருகிறது என்று தெரிந்துவிட்டது. வலது கை தாடைக்கு உயர வேண்டும், ஆயிரம் முறை உயர்ந்த கை. மார்பளவுக்கு வந்தபோதே அடி விழுந்துவிட்டது. கித்தான் தரையில் கன்னம் பட, பூட்ஸுக்குத் தூவிய குங்கிலியப் பொடியின் வாசம் மூக்கில் ஏறியது. எட்டு எண்ணுவதற்குள் எழுந்து மூலைக்கு வந்தேன். எங்கள் பயிற்சியாளர் சுபேதார் ஒன்றும் கேட்கவில்லை. என் கையைத் தன் மடியில் வைத்து, கையுறையின் கயிற்றுமுடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தார். போதும் என்று ஒரே சொல். அன்று அவர்மேல் கோபம் வந்தது. இன்று என் பேச்சு தெளிவாக இருக்கிறது, பேரப்பிள்ளைகள் பெயர் மறக்கவில்லை. அது அவர் போட்ட பிச்சை.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு தாய்: என் மகனுக்கு 17 வயது. பயிற்சியில் அடிபட்டு வந்து தலைவலி என்று படுத்துக்கொள்கிறான். பயமாக இருக்கிறது ஐயா.

பயப்படுவது நியாயம் அம்மா. மூளைக்குச் சேதம் போட்டி நாளில் மட்டும் வருவதில்லை, பயிற்சியில் தினம் வாங்கும் அடிகளில்தான் சேர்கிறது. குத்துச்சண்டை வீரர்களுக்கு வரும் இந்த மந்தநிலையை 1928-லேயே மருத்துவர்கள் எழுதிவைத்துவிட்டார்கள். உடனே அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். வாந்தி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல், நடந்தது மறந்துபோவது, இதில் ஒன்று இருந்தாலும் அன்றே, அந்த மணிநேரமே. மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கையுறையைத் தொடக் கூடாது. தலைக்கவசம் போட்டால் போதும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. அவனுடைய பயிற்சியாளர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் பயிற்சியாளரை மாற்றுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர்: என் அண்ணன் ஒரு காலத்தில் மாநில அளவில் பதக்கம் வாங்கியவர். இப்போது 39. ஒரே ஒரு போட்டி ஆடிவிட்டு விடுகிறேன் என்கிறார். எப்படித் தடுப்பது?

வயதாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்தச் சொல் ஒன்று போதும், நாளைக்கே பெயர் கொடுத்துவிடுவார். மணிலாவில் ஃப்ரேசியரின் கண் மூடிப்போனபோது, பதினைந்தாவது சுற்றுக்கு விடாமல் தோளை அழுத்தி உட்காரவைத்தவர் எடி ஃபட்ச் என்ற பயிற்சியாளர். ஃப்ரேசியர் எழ முயன்றார், ஃபட்ச் விடவில்லை. ஒரு மனிதர் செய்ததை என்னாலும் செய்யப் பார்க்க முடியும்.

சனிக்கிழமை மாலை நாலரை மணிக்கு அண்ணனை அரியமானுக்கு அழைத்து வாருங்கள். பையன்கள் குத்திப் பழகப் பேட் என்ற மெத்தைப் பலகையைப் பிடிக்க ஆள் தேவைப்படுகிறது என்று சொல்லுங்கள், அது பொய் இல்லை. பதினாறு பேருக்கு நான் ஒருவன்தான் பிடிக்கிறேன், என் மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. கையுறையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.