ட்ரைஜெமினல் நரம்பின் வேரை ரத்தக்குழாய் தொடுகிறது என்று எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் வந்திருக்கிறது, பயப்பட வேண்டுமா?

கேட்டிருப்பவர் கோபிசெட்டிபாளையம் பக்கம். அம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது, வலது கன்னத்தில் சுரீர் சுரீரென்று வலி, கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியும் தீரவில்லை, கடைசியில் எம்ஆர்ஐயில் இந்த வரி வந்திருக்கிறது, மூளை ஆபரேஷன் என்று யாரோ சொல்லிவிட வீடே விசனத்தில் இருக்கிறதாம். நான் டாக்டர் இல்லைங்க, ஈரோட்டில் எம்ஆர்ஐ எடுக்கிற டெக்னீசியன். மாத்திரை அளவெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள், அந்த வரி எதைச் சொல்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முகத்தில் எது பட்டாலும் அந்த உணர்வை மூளைக்குக் கொண்டுபோவது ட்ரைஜெமினல் என்கிற இந்த ஐந்தாவது நரம்புதான். மூளைத்தண்டின் நடுவில் பான்ஸ் என்று ஒரு பகுதி, அதன் பக்கவாட்டில்தான் இதன் வேர். அங்கிருந்து மூளைநீருக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் முன்னால் ஓடி, காதெலும்பின் நுனியைத் தாண்டி, மெக்கல் குகை என்கிற சின்ன இடுக்கில் நுழைந்து முடிச்சாகி, மூன்றாகப் பிரிகிறது: நெற்றியும் கண்ணும் ஒன்று, கன்னமும் மேல்பல்லும் ஒன்று, தாடையும் கீழ்ப்பல்லும் ஒன்று. வேரில் எல்லாம் ஒரே கட்டு. அதனால் அங்கே கோளாறு வந்தால் பல்லிலிருந்து வலி வருவதாகவே மூளை நினைத்துக்கொள்ளும். உங்கள் அம்மாவும் பல்லைத்தான் தொட்டுக் காட்டியிருப்பார், பல் டாக்டரும் பல்லைத்தான் பார்த்திருப்பார்.

சரி, வேரில் என்ன கோளாறு? நரம்பிழைகளின் மேல் மயலின் என்று ஒரு உறை உண்டு. மூளையை ஒட்டிய முதல் சில மில்லிமீட்டருக்கு அந்த உறையைச் செய்வது மூளையின் செல்கள், அதைத் தாண்டியதும் ஷ்வான் செல்கள். மூளை பக்கத்து உறையும் இரண்டும் சேருகிற அந்த இடமும் கொஞ்சம் நோஞ்சான். வயதாக ஆக ரத்தக்குழாய்கள் நீண்டு வளைந்து தொங்கும். பெரும்பாலும் சிறுமூளைக்குப் போகிற மேல் தமனிதான், மேலிருந்து வந்து வேரில் உட்கார்ந்து ஒவ்வொரு நாடித்துடிப்புக்கும் இடித்துக்கொண்டே இருக்கும். உறை தேய்ந்துவிட்டால், கிணற்று மோட்டார் வயரில் இன்சுலேஷன் உரிந்த கதைதான், தொடுகையைக் கொண்டுபோகிற இழையிலிருந்து சிக்னல் வலியைக் கொண்டுபோகிற இழைக்குத் தாவிவிடும். அதனால்தான் முகம் கழுவினால், பல் விளக்கினால், ஒரு வாய் மென்றால்கூட உயிர் போகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று அடிக்கிற சமயத்தில் கன்னத்தைத் துண்டால் மூடிக்கொண்டு ஸ்கேனுக்கு வருகிறவர்கள், பேச வாயைத் திறக்கவே பயந்து சைகையில் பதில் சொல்வார்கள், பார்க்கவே பாவமாக இருக்கும்.

ஆனால் ஒன்று. ரத்தக்குழாய் வேரைத் தொடுவது வலியே இல்லாத எத்தனையோ பேருக்கும் இருக்கிறது, வலி இல்லாத எதிர்ப்பக்கத்திலும் இருக்கும். சும்மா தொட்டுக்கொண்டு போகிறதா, இல்லை நரம்பை நகர்த்தவோ அமுக்கவோ இளைக்கவைக்கவோ செய்திருக்கிறதா, அதுவும் மூளைத்தண்டை ஒட்டிய இடத்திலா என்பதுதான் கணக்கு. இதைப் பார்க்க சிஸ், ஃபியஸ்டா என்று எம்ஆர்ஐயில் சில தனி முறைகள் உண்டு, அவற்றில் மெல்லிய ஸ்லைஸ் எடுத்திருக்க வேண்டும். வழக்கமான பிரெயின் ஸ்கேனின் தடித்த ஸ்லைஸில் இது சரியாகத் தெரியாது. இது ட்ரைஜெமினல் நியூரால்ஜியா என்கிற நரம்பு வலிதானா என்று முடிவு செய்வது வலியின் தன்மைதான், எங்கள் படம் அதற்குத் துணை மட்டுமே.

அதைவிட முக்கியமாக, வேறு எதுவும் இல்லை என்று ரிப்போர்ட் சொல்கிறதா என்று பாருங்கள். வேர் இருக்கிற அந்த இடத்தில் மெனிஞ்சியோமா, எபிடெர்மாய்டு மாதிரிக் கட்டிகள் வேரை அமுக்கலாம், மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்கிற நரம்பு நோயில் மயலின் உறையே அழியலாம். கன்னம் மரத்துப்போவது, இரண்டு பக்கமும் வலிப்பது, சின்ன வயதிலேயே வருவது, இதெல்லாம் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஆபரேஷன் முதல் படி இல்லை. 1962 முதல் இதற்குப் பயன்படுகிற கார்பமசெபின் மாத்திரைதான் முதலில், பலருக்கு நன்றாகவே கேட்கும். தூக்கமும் கிறுகிறுப்பும் வரும், ரத்தத்தில் சோடியம் குறையலாம். தோலில் தடிப்பு வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். மாத்திரை கேட்காமல் போனால், அல்லது உடம்பு தாங்காமல் போனால் அப்புறம்தான் ஆபரேஷன் பேச்சு. ரத்தக்குழாய் இப்படி அமுக்குவதை வால்டர் டாண்டி என்கிற அமெரிக்க மூளை அறுவை டாக்டர் 1930களிலேயே கவனித்துச் சொன்னார், மைக்ரோஸ்கோப் வைத்து அதை விலக்கிவிடுகிற முறையை 1960களின் கடைசியில் நிலைநிறுத்தியவர் பீட்டர் ஜானெட்டா என்கிற இன்னொரு அமெரிக்க மூளை அறுவை டாக்டர். காதுக்குப் பின்னால் சின்னதாகத் திறந்து, ரத்தக்குழாயை நகர்த்தி, நடுவில் டெஃப்லான் பஞ்சை வைப்பார்கள். மயக்கம் கொடுக்க முடியாத வயதானவர்களுக்கு ஊசி வழியாக நரம்பைச் சுடுவது, காமா கதிர் என்று வேறு வழிகளும் இருக்கின்றன, அவற்றில் கன்னம் கொஞ்சம் மரத்துப்போகலாம்.

அதுவரை இன்னொரு பல்லைப் பிடுங்கச் சம்மதிக்காதீர்கள். நரம்பியல் டாக்டரிடம் போகும்போது ரிப்போர்ட் தாளோடு ஸ்கேன் படங்கள் இருக்கிற சிடி தட்டையும் எடுத்துப் போங்கள், அவர் படத்தைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார். சிடி தொலைந்திருந்தால் எடுத்த சென்டரிலேயே கேளுங்கள், பெரும்பாலும் மறுபடி போட்டுத் தருவார்கள்.